இடுப்பில் கட்டிய அலாரம்

நீட் தேர்வுக்கு என் அக்கா மகனைக் கூட்டிப்போன அன்று காலையில், அவன் உடம்பில் என்னென்ன இருக்கலாம், என்னென்ன இருக்கக் கூடாது என்று நானும் அக்காவும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம். அரைக்கைச் சட்டை, வெளிர் நிறம். ஷூ கூடாது, செருப்புத்தான். வாட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது. மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றை அக்காவே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, என் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த கம்பெனித் தாளைக்கூட நான் ஊறவைத்து உரித்தேன். இம்புட்டும் பார்த்த எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியாமல் ஒன்று அவன் உடம்பிலேயே இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மருந்துக் கம்பெனி ரெப். மதுரையில் டாக்டர்களின் அறை வாசலில் டை கட்டிக்கொண்டு, கனத்த பையோடு நிற்பதுதான் என் பிழைப்பு. கடைசி நோயாளியும் போன பிறகு, "ரெப் இருந்தா வரலாம்" என்று ஒரு பெண் கதவைத் திறந்து சொல்வாள். உள்ளே போனால் டாக்டர் எழுந்து கை கழுவிக்கொண்டிருப்பார். அவர் முதுகைப் பார்த்துத்தான் நான் மாத்திரையின் பெருமையைச் சொல்ல வேண்டும். வயசில் என்னைவிடச் சின்ன டாக்டர்கள் எல்லாம் "சீக்கிரம் சொல்லுங்க" என்பார்கள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் என் அக்கா மகன் அந்த டாக்டர் நாற்காலியில் உட்காருவான், நான் டை கட்டாமல், யாரையும் கேட்காமல், நேராக உள்ளே போய் உட்காருவேன் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு உசிலம்பட்டி. மச்சான் வெளிநாட்டில் இருக்கிறார். மாடுகளும் ஒரே மகனுமாக அக்கா ஒற்றையாய்க் கிடந்து வளர்த்த பிள்ளை அவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எழுதிய முதல் தடவை கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. கொஞ்சம் என்பதுதான் கெடுதல். மொத்தமாய்க் கோட்டை விட்டிருந்தால் வேறு வேலையைப் பார்த்திருப்போம். "கையில புடிச்சத விட்டுட்டோம்டா தம்பி" என்று அக்கா மருகினாள். ஆகவே ஒரு வருடம் முழுக்க இதற்காகவே படிக்கட்டும் என்று, ஊருக்கு வெளியே ஒரு கோச்சிங் சென்டரில், அவர்கள் விடுதியிலேயே அவனைச் சேர்த்துவிட்டோம். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், அடுத்த தடவை கிடையாது என்பது எங்கள் மூன்று பேருக்குள் எழுதாத ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பெற்றவர்கள் பார்க்கலாம். நான் திருநகரிலிருந்து பரோட்டாவும் சுக்காவும் வாங்கிக்கொண்டு போவேன். இலையை விரித்தால் பையன் பாதிப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "போதும் மாமா, நிறையச் சாப்பிட்டா தூக்கம் வரும்" என்பான். பெஞ்சில் உட்காரும்போதும் சாயாமல், மிலிட்டரிக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்காருவான். நான் அதைப் பார்த்துப் பூரித்துப்போவேன். "மாப்ள, இப்பவே டாக்டர் களை வந்திருச்சுடா" என்று முதுகில் தட்டியிருக்கிறேன். அவன் லேசாக நெளிவான். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்வு மையம் ஒரு பள்ளிக்கூடம். மே மாத வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. பிள்ளைகளும் பெற்றவர்களுமாய்த் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் நுங்கு வண்டி, ஒரு பக்கம் தர்ப்பூசணி. ஓர் அம்மா தன் மகளின் சுடிதாரில் தொங்கிய மணிகளை நகவெட்டியால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாம் தயாராக வந்திருக்கிறோம் என்ற மிதப்பில் நான் அவரைப் பார்த்து, "முன்னாடியே பாத்திருக்கலாம்லம்மா" என்று அறிவுரை வேறு சொன்னேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அக்கா தன் மகனின் நெற்றியில் திருநீறு பூசி உள்ளே அனுப்பினாள். நாங்கள் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே வரிசையில் ஒருவர் மெட்டல் டிடெக்டரைத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். எங்கள் பையனின் நெஞ்சு தாண்டியது. வயிற்றுக்கு வந்ததும் 'கீ' என்று ஒரு சத்தம். அவர் மறுபடி தடவினார். மறுபடியும் சத்தம்.

"இடுப்புல என்ன தம்பி?"

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அரைஞாண் கயிறு. அதில் கோத்த வெள்ளித் தாயத்து.

அட கிரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு அரைஞாண் கயிறு என்பது போட்டிருக்கும் பொருள் இல்லை, உடம்பில் ஓர் உறுப்பு. காது இருக்கிறதா, மூக்கு இருக்கிறதா என்று சரிபார்ப்போமா? அதுபோல இதுவும் ஞாபகத்துக்கே வரவில்லை. அதைவிட வேடிக்கை, அந்தத் தாயத்து நான் கொண்டுபோனது. பிள்ளை பிறந்ததும் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை அது. வருடா வருடம் கயிறு மாறும், தாயத்து மாறாது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். கேட் பக்கம் வந்து, "சார், பையன் மேல தப்பு இல்ல. ஆனா எடுத்துட்டுத்தான் வரணும். கேட் சாத்தப் போறாங்க, சீக்கிரம்" என்று அவனை வெளியே விட்டார். நான் அவன் கையைப் பிடித்து, நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு போனேன். நுங்குக்காரரிடம், "அண்ணே, கத்தியக் குடுங்க, அவசரம்" என்று கேட்டதற்கு, அவர் என் முகத்தைப் பார்த்து மிரண்டு போய்க் கொடுத்துவிட்டார்.

அக்கா குறுக்கே விழுந்தாள். "அறுக்காதடா!"

"அக்கா, நேரம் இல்ல."

"புதுசக் கட்டாம பழச அறுக்கக் கூடாதுடா. வெறும் இடுப்போட எம்பிள்ளைய உள்ள அனுப்ப மாட்டேன்."

அவள் சொன்னதில் எனக்கும் பயம் உண்டு. ஆம்பளை இடுப்பில் கயிறு இல்லாமல் போவது ஒரே ஒரு தடவைதான், அது பாடையில். அதனால்தான் புதிய கயிற்றைக் கட்டிய பிறகே பழையதை அறுப்போம். ஆனால் அந்த நடுரோட்டில் புதுக் கயிற்றுக்கு எங்கே போவது? பக்கத்தில் ஒரு கடை கிடையாது. நான் கத்தியோடு நிற்க, பையன் அசையாமல் நிற்க, அக்கா சட்டென்று தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கினாள். ஒரே உருவு. பூவெல்லாம் தாரில் கொட்டியது. நூல் மட்டும் கையில் நின்றது.

"சட்டையத் தூக்குடா."

அவன் தூக்கவில்லை. "நானே கட்டிக்கிறேன்மா. நீங்க அந்தப் பக்கம் போங்க. மாமா, அம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

"டேய், உன்னப் பெத்தவ நான். எங்கிட்ட என்னடா வெக்கம்? தூக்கு!"

"வேணாம்மா."

நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவன் வெட்கப்படுகிறான் என்று எனக்கு வந்ததே கோபம். நானே சட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பைச் சுற்றிலும் பள்ளம். பள்ளத்தின் இரண்டு பக்கமும் சதை தடித்துக் கருத்திருந்தது. சில இடத்தில் தோல் உரிந்து காய்ந்து, சில இடத்தில் காயாமல் ஈரமாய் மினுங்கியது. கயிற்றை இரண்டு சுற்றாக மடித்து, இழுத்து, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டிருந்தான். கத்தியை நுழைப்பதற்கு விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டு விரல்கூட நுழையவில்லை. புண்ணுக்குக் களிம்பு விற்கிறவன் நான். எத்தனையோ புண்களின் படங்களைப் பளபளக்கும் தாளில் டாக்டர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இது மாதிரி ஒன்றை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

"என்னடா இது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா. தூக்கம் வராம இருக்க."

"என்னது?"

"இறுக்கிக் கட்டிக்கிட்டா, அசந்து சாயும்போது வெட்டும் மாமா. முழிச்சுக்கலாம். நெறையாவும் சாப்பிட முடியாது. எல்லாரும் கட்டுறதுதான். சீக்கிரம் அறுங்க மாமா, கேட்ட சாத்திருவாங்க."

வீட்டுக்கணக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அக்கா பூ நூலை அவன் இடுப்பில், புண்ணில் படாமல் மேலாக, தொளதொளவென்று சுற்றி முடிந்தாள். அவள் கை பதறாமல் வேலை செய்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நான் தாயத்து கயிற்றைக் கொஞ்சம் தூக்கியிருந்த இடத்தில் கத்தி முனையை வைத்து இழுத்தேன். கயிறு பட்டென்று தெறித்தது. பையன் "ஆ..." என்று ஒரு மூச்சு விட்டான். வலியில் விடுகிற மூச்சு இல்லை அது. பாரம் இறக்கியவன் விடுகிற மூச்சு.

அந்த நிலைமையில் ஒரு மாமன் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளையை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "ஓடு மாப்ள, ஓடு" என்று கத்தினேன். அவனும் ஓடினான். டிடெக்டர் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அவன் உள்ளே போன சற்று நேரத்தில் கேட்டைச் சாத்தினார்கள்.

அக்கா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அவன் இடுப்ப நான் பாத்து எம்புட்டு வருஷம் ஆச்சு தெரியுமாடா?" என்றாள். "வளந்த பையன், குளிக்கையில கதவச் சாத்திக்கிருவான். எங்கிட்டுப் போயிப் பாப்பேன்?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. விடுதி வார்டனுக்குப் போனைப் போட்டேன்.

"சார், கோச்சுக்காதீங்க. நாங்க சொல்லிக் குடுக்கல. பசங்களாப் பழகிக்கிட்டாய்ங்க" என்றார் வார்டன். "அலாரம் கட்டுறதுன்னு அதுக்குப் பேரு. போன வருஷம் இங்க தங்கிப் படிச்ச ஒரு பையன் ஆரம்பிச்சு வச்சது சார். அவனுக்குச் சீட்டுக் கெடச்சிருச்சு. அதுலருந்து எல்லா ரூம்லயும் கட்டுறாய்ங்க. செல்லூர்ல இருந்து ஒரு பாய் வீட்டுப் பையன், அவனுக்கு இந்தக் கயிறு வழக்கமே இல்ல. அவனும் பைஜாமா நாடாவ இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் உக்காருவான்."

"உங்களுக்குத் தெரியும்ல? பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"சும்மா எங்க சார் இருந்தேன்? லூசாக் கட்டுங்கடான்னு அப்பப்பச் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

போனை ரோட்டில் ஓங்கி அடித்திருப்பேன். அக்கா மடியில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். லூசாகக் கட்ட வேண்டுமாம்! நோயையும் உடம்பையும் பற்றி ஒரு வருடம் முழுக்கப் படிக்கிற பிள்ளைகள். தோல் எத்தனை அடுக்கு, புண் எப்படி ஆறும், தூங்காவிட்டால் மூளை என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த பிள்ளைகள். ஓர் அறையில் ஒருத்தனுக்காவது, இது புண்ணடா, இதற்கு மருந்து போட வேண்டுமடா என்று தோன்றவில்லையே! நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

"உள்ள போயிக் கூட்டிட்டு வந்துருவமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"இப்ப விட மாட்டாங்கக்கா. எழுதட்டும். இம்புட்டுப் பட்டுட்டான், எழுதிட்டே வரட்டும்."

சொல்லும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. இடுப்பைச் சுற்றி அப்படி ஒரு புண்ணை வாங்கிக்கொண்டவனுக்குச் சீட்டாவது கிடைக்க வேண்டும் என்று நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அக்காவும் அதைத்தான் வேண்டியிருப்பாள். வேறு எதை வேண்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கேட்டைத் திறந்தார்கள். பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். அழுதுகொண்டு சிலர், கேள்வித்தாளை விரித்து வாக்குவாதம் பண்ணிக்கொண்டு சிலர். எல்லார் முகமும் காய்ந்து கறுத்திருந்தது. எங்கள் பையன் கடைசியாக வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு வருடமாக நான் பார்க்காத முகம். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புக்கூடக் குறைந்த மாதிரி, முகம் அப்படித் தெளிவாக இருந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நல்லா எழுதிருக்கான்டா" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என்ன மாப்ள, ஜமாய்ச்சுட்டியா?" என்று நான் எட்டி அவன் தோளைப் பிடித்தேன். அப்போதுதான் அவன் வலது கன்னத்தைப் பார்த்தேன். மேசை விளிம்பு பதிந்த கோடு, கன்னத்தின் குறுக்கே, சிவப்பாக.

"தூங்கிட்டேன் மாமா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. புரியாமல் சிரித்தேன்.

"பயாலஜி முக்கால்வாசி முடிச்சிட்டேன். நல்லாத்தான் போச்சு. ஃபேன் காத்து வந்துச்சு. சும்மா ஒரு நிமிஷம் தலைய வச்சேன்." அவன் தன்னைப் பற்றி இல்லாமல் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறவன் மாதிரி சொன்னான். "மேடம் தட்டி எழுப்புனாங்க மாமா. எந்திரிச்சேன். கொஞ்சம் எழுதுனேன். மறுபடி சாஞ்சுட்டேன் போல. அப்புறம் பேப்பர வாங்கும்போதுதான் முழிச்சேன். ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் தொடவே இல்ல."

"எப்படிடா? ஒரு வருஷமா முழிச்சவன், இன்னைக்குப் பாத்து எப்படிடா?" நான் கத்தியே விட்டேன். கையை ஓங்கியே விட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

"வலிக்கல மாமா" என்றான். "அதான்."

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் அழுவாள், இல்லை அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, "நட. வண்டியில ஏறு" என்றாள்.

காரில் கிடந்த என் கம்பெனிப் பையிலிருந்து களிம்பை எடுத்துக் கொடுத்தேன். பின் சீட்டில் அக்காவே போட்டுவிட்டாள். போட்டு முடிப்பதற்குள் அவன் தூங்கிவிட்டான். உசிலம்பட்டி ரோட்டில் திரும்பி, நாகமலையைத் தாண்டினோம். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை பாடுபட்டு, கடைசியில் ஒரு தூக்கத்தில் போய்விட்டதே! அவன் நாற்காலி, என் டை, எல்லாம் கண் முன்னால் வந்தது. வெட்கம் கெட்டவன் நான், அப்போதும் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அடுத்த வருஷம் வேணும்னா என் வீட்டுல வச்சே..."

கண்ணாடியில் பார்த்தேன். பையன் தூக்கத்தில் மெல்ல முன்னால் சாய்ந்தான். வயிறு மடங்கியதும் சுரீர் என்று உதறி நிமிர்ந்தான். கண் திறக்கவில்லை, முழிக்கவும் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக உட்கார்ந்தபடியே தூங்கினான். மறுபடி சாய்ந்தான், மறுபடி உதறி நிமிர்ந்தான். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். என்னால் ஓட்ட முடியவில்லை.

அக்கா அவன் தலையைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்தாள். அவன் உடம்பு முறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "இல்லடா, அறுத்தாச்சுடா, அறுத்தாச்சு, படுடா" என்று காதோரம் சொல்லிக்கொண்டே அவனைச் சாய்த்தாள். அவன் நிமிர்ந்தான். மறுபடி சாய்த்தாள்.

"அக்கா" என்றேன்.

"பேசாம இருடா" என்றாள், என்னைப் பார்க்காமல். "எம்பிள்ளைக்குப் படுக்க மறந்துபோச்சு."